புயலுக்குப் பேர் வைத்த மாலுமி



இந்த ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், அதுவும் மாணவர்களுக்குப் பயன்படும்படி ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறாக இருக்க வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். விசுவேசுவரய்யா, பென்னிகுயிக் என்று பல பேர் மனதில் வந்து போனார்கள். அவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆகவே, உலகத்து வானிலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் நம் பக்கம் அதிகம் பேசப்படாத ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவர் பேர் நமக்குப் பழக்கமில்லாவிட்டாலும் அவர் உண்டாக்கிய ஒரு வார்த்தை நம் எல்லோருக்கும் பழக்கம். 'சைக்ளோன்' என்பதே அந்த வார்த்தை. அதை உண்டாக்கியவர் ஹென்றி பிடிங்டன்.

கடலுக்கும் கோவில்பட்டிக்கும் என்னப்பா சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நம்முடையது வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி, கார்த்திகை மழைக்காகக் காத்திருக்கும் கரிசல் காடு. பருத்தியோ, உளுந்தோ, பாசியோ, கம்போ, எது விளைய வேண்டுமானாலும் வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை உருவாக வேண்டும். அது சரியான இடத்தில் வந்து நிற்கவும் வேண்டும். வடக்கே ஆந்திரா பக்கம் ஏறிப் போய்விட்டால் ஈரத்தையெல்லாம் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். நமக்கு வெறும் காற்றுதான் மிச்சம். குமரிக் கடல் பக்கமாக வந்துவிட்டாலோ கண்மாய் தாங்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக் கடல் பகுதியில் நின்ற ஒரு மேலடுக்குச் சுழற்சி, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். நம் மாவட்டம் முழுக்க அன்று பட்ட பாட்டை இந்த மலரைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, கடலுக்கு மேலே காற்று எப்படிச் சுற்றுகிறது என்பது மீன்பிடிக்கிறவர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. அறுபது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நம்ம ஊர் சம்சாரிக்கும் அது வயிற்றுப்பாட்டு விஷயம்.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் கல்லூரியில் சிவில் படித்துவிட்டு வெளியே வந்த நான், பத்து வருஷத்துக்கும் மேலாகக் கடலோரக் கட்டுமானத்தில் வேலை பார்க்கிறேன். தூண்டில் வளைவு, அலைத் தடுப்புச் சுவர், மீன் இறங்குதளம் இவைதான் என் பிழைப்பு. எவ்வளவு உயர அலைக்குக் கட்டுவது, புயல் வந்தால் கடல் மட்டம் எத்தனை அடி ஏறும் என்ற கேள்விகள் இல்லாமல் எங்கள் வேலையில் ஒரு நாள் போகாது. அந்தக் கேள்விகளை இந்தியக் கடல்களுக்காக முதன்முதலில் முறையாகக் கேட்டவர்களில் பிடிங்டன் முக்கியமானவர்.

பிடிங்டன் 1797ஆம் ஆண்டு இங்கிலாந்தில், சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த அக்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தவர். வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, இந்தியா, சீனா பக்கம் ஓடிய கப்பல்களுக்குத் தலைமை மாலுமியாக உயர்ந்தார். பிறகு கடல் வாழ்க்கையை விட்டுவிட்டுக் கல்கத்தாவில் கரை ஏறினார். கப்பல்காரர் கரைக்கு வந்தால் சும்மா இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். மனுஷன் தொடாத துறை கிடையாது. இந்தியத் தாவரங்களுக்கு ஒரு பெயர்ப் பட்டியல் தயாரித்து 1832இல் வெளியிட்டார். தாதுப் பொருள்களைச் சோதித்தார். கல்கத்தாவில் இருந்த பொருளாதார நிலவியல் அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தார். பருத்தி, கரும்பு, புகையிலை, தேயிலை ஆகியவற்றுக்கு எப்படிப்பட்ட மண் ஏற்றது என்று மண்ணைப் பகுத்துப் பார்த்துக் கட்டுரை எழுதினார். பருத்திக் காட்டுக்காரர்களாகிய நமக்கு அவர் மேல் கொஞ்சம் உரிமை உண்டு என்று சொல்லிக்கொள்ள இது ஒன்றே போதும்.

இவற்றோடு, கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல் விசாரணை மன்றத்தின் தலைவராகவும் அவர் கல்கத்தாவில் பணியாற்றினார். ஒரு கப்பல் எப்படி மூழ்கியது, தலைமை மாலுமி என்ன செய்தார், என்ன செய்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் கேட்டு எழுதும் வேலை அது. எத்தனையோ கப்பல்கள் ஒரே மாதிரி தவறு செய்து மூழ்கியதை அந்த நாற்காலியில் இருந்து பார்த்தவருக்கு, இதற்கு ஒரு வழி காண வேண்டும் என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

அந்த நாளில் புயலைப் பற்றி உலகம் என்ன நினைத்திருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். பலத்த காற்று ஒரு திசையிலிருந்து நேராக அடித்துக்கொண்டு வருகிறது என்பதுதான் பொதுவான எண்ணம். அமெரிக்காவில் வில்லியம் ரெட்ஃபீல்டு என்பவர், 1821இல் அடித்த ஒரு புயலுக்குப் பிறகு, ஓர் இடத்தில் மரங்கள் ஒரு பக்கமாகவும் சற்றுத் தள்ளி நேர் எதிர்ப் பக்கமாகவும் விழுந்து கிடந்ததைப் பார்த்தார். காற்று ஒரு நடுப்புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்ற முடிவுக்கு வந்து 1831இல் எழுதினார். அதே 1831இல் பார்படோஸ் தீவைப் புயல் நாசமாக்கியது. அங்கே திரும்பக் கட்டும் வேலைக்கு அனுப்பப்பட்ட வில்லியம் ரீட் என்ற ராணுவப் பொறியாளர், கட்டடம் கட்டினோமா வந்தோமா என்று இருக்காமல், இதற்குக் காரணம் என்ன என்று தேட ஆரம்பித்தார். அவர் 1838இல் வெளியிட்ட புயல் விதி பற்றிய புத்தகம் கல்கத்தாவுக்கு வந்து பிடிங்டன் கையில் கிடைத்தது. நாற்பது வயதைத் தாண்டிய அந்தப் பழைய மாலுமிக்கு வாழ்க்கையின் வேலை அங்கேதான் ஆரம்பமாயிற்று.

1839 ஜூன் மாதம் வங்கக் கடலில் ஒரு புயல் அடித்தது. பிடிங்டன் அந்த நேரத்தில் கடலில் இருந்த கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேகரித்தார். கப்பலில் 'லாக் புக்' என்று ஒன்று இருக்கும். எந்த மணிக்குக் கப்பல் எந்த இடத்தில் இருந்தது, காற்று எந்தத் திசையில் இருந்து அடித்தது, பாரமானியில் பாதரசம் எவ்வளவு உயரத்தில் நின்றது, எந்தப் பாயை இறக்கினார்கள் என்பதையெல்லாம் அதில் எழுதி வைப்பார்கள். ஒரு கப்பலின் குறிப்பை மட்டும் பார்த்தால் அது ஒருவர் பட்ட கஷ்டம், அவ்வளவுதான். பத்துக் கப்பல்களின் குறிப்பை ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் புயலே எழுந்து நிற்கும். இதைத்தான் பிடிங்டன் செய்தார்.

மாணவர்கள் இந்த முறையைக் கவனிக்க வேண்டும். ஒரு நாள் நண்பகலில் நாலு கப்பல்கள் நாலு இடத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கப்பலின் இடத்திலும் காற்றின் திசையை அம்புக்குறியாகப் போடுகிறோம். காற்று வட்டமாகச் சுற்றுகிறது என்றால், அம்புக்குச் செங்குத்தாக இழுக்கும் கோடு வட்டத்தின் நடுவுக்குப் போகும். நாலு கோடுகளும் ஏறக்குறைய சந்திக்கும் இடமே புயலின் மையம். மறுநாள் நண்பகலுக்கும் இதே மாதிரி போட்டால் இன்னொரு மையம் கிடைக்கும். இரண்டையும் இணைத்தால் புயல் வந்த பாதையும் அதன் வேகமும் கிடைத்துவிடும். ஒரு ஸ்கேல், ஒரு பென்சில், நிறையப் பொறுமை. இன்று செயற்கைக்கோள் படத்தில் ஒரு பார்வையில் தெரிவதை அந்த மனுஷன் மாதக் கணக்கில் கடிதம் எழுதி, துறைமுகம் துறைமுகமாகக் குறிப்புகளை வரவழைத்துக் கண்டுபிடித்தார். 1839இல் ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கும் மேலாக, வங்காள ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார். ஒவ்வொன்றும் வங்கக் கடல், அரபிக் கடல், இந்தியப் பெருங்கடல், சீனக் கடல் ஆகியவற்றில் அடித்த புயல்களின் முழு ஜாதகம் எனலாம்.

அவர் ஆராய்ந்த இரண்டு சம்பவங்களை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

முதலாவது, சார்லஸ் ஹெடில் என்ற பாய்மரக் கப்பல். மொரீஷியசுக்கும் மடகாஸ்கருக்கும் இடையே மாடுகளை ஏற்றிச் செல்லும் வேகமான கப்பல் அது. 1845 பிப்ரவரியில் மொரீஷியஸ் அருகே புயலில் மாட்டிக்கொண்டது. காற்றை எதிர்க்க முடியாமல், காற்று போகிற போக்கிலேயே கப்பலை ஓட விட்டார்கள். கிட்டத்தட்ட ஐந்து நாள் ஓடியது. கப்பலின் குறிப்புப்படி அது ஓடிய தூரம் 1,300 மைலுக்கும் மேல். ஆனால் புறப்பட்ட இடத்துக்கும் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 350 மைல்தான். மீதித் தூரம் எங்கே போச்சு? பிடிங்டன் மணி வாரியாக வரைந்து பார்த்தார். செக்கு மாடு மாதிரி அந்தக் கப்பல் புயலின் மையத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றி வந்திருக்கிறது! புயல் மெதுவாக நகர, கப்பலும் அதோடு சுற்றிக்கொண்டே நகர்ந்திருக்கிறது. காற்று சுழல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறு என்ன வேண்டும்?

இரண்டாவது, 1844 நவம்பரில் அந்தமான் கடலில் நடந்தது. பிரிட்டன் என்ற கப்பல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து கல்கத்தாவுக்குச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு வந்தது. ரன்னிமீட் என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து அதே கல்கத்தாவுக்குச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு வந்தது. இரண்டும் ஒரே புயலில் சிக்கின. இருட்டில், ஒன்று இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. இரவோடு இரவாகக் கடல் பொங்கி எழுந்து, இரண்டு கப்பல்களையும் பாறைத் திட்டுக்கு மேலாகத் தூக்கி, ஒரே தீவின் சதுப்புநிலக் காட்டு மரங்களுக்கு இடையே கொண்டுபோய் வைத்துவிட்டது. விடிந்த பிறகுதான் பக்கத்தில் இன்னொரு கப்பல் கிடப்பதையே பார்த்தார்கள். கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் உயிர் பிழைத்தார்கள். கதை மாதிரி இருக்கும் இந்தச் சம்பவத்தில் பிடிங்டன் கவனித்தது வேறு. அவ்வளவு பெரிய கப்பலை மரத்துக்கு நடுவே கொண்டுபோக வேண்டுமானால், சாதாரண அலை போதாது. கடலின் மட்டமே பல அடி உயர்ந்திருக்க வேண்டும். இதை அவர் புயல் அலை என்று தனியாகப் பிரித்துச் சொன்னார்.

இந்தப் புயல் அலை எப்படி உண்டாகிறது என்பதை இன்றைய அறிவைக் கொண்டு சுருக்கமாகச் சொல்கிறேன். புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஏறும். இதனால் மட்டும் வருவது அரை மீட்டர், ஒரு மீட்டர் என்ற அளவுதான். மீதி முழுக்கக் காற்றின் வேலை. மணிக்கணக்காகக் கரையை நோக்கி அடிக்கும் காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து குவிக்கிறது. கடல் ஆழமாக இருந்தால் அந்தத் தண்ணீர் அடியில் திரும்பிப் போய்விடும். ஆழம் குறைந்த இடத்தில் போக வழியில்லாமல் மேலே ஏறும். வங்கக் கடலின் வடக்கு முனை ஆழம் குறைந்தது, புனல் மாதிரி குறுகிக்கொண்டே போவது. அங்கே ஏறும் தண்ணீருக்கு ஒதுங்க இடமே இல்லை. இதற்கு மேல்தான் அலைகள், இதற்கு மேல்தான் ஏற்றவற்றம். மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் கரையோர ஊர் தப்பாது. 1789 டிசம்பரில் கோதாவரி முகத்துவாரத்தில் இருந்த கோரிங்கா துறைமுகத்தை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பெரிய அலைகள் மூழ்கடித்ததையும் பிடிங்டன் பதிவு செய்து வைத்திருக்கிறார். சுமார் 20,000 பேர் அதில் மாண்டதாகச் சொல்லப்படுகிறது.

இப்படிச் சேர்த்த அறிவை அறிஞர்கள் படிக்கும் இதழில் போட்டுவிட்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். நாம் பிடிங்டனைப் போற்ற வேண்டிய இடமே இதுதான். புயலில் மாட்டிக்கொள்பவன் அறிஞன் இல்லை, மாலுமி. அவனுக்குப் புரியாத அறிவு அவனைக் காப்பாற்றாது. அதனால் 1844இல் இந்திய, சீனக் கடல்களுக்கென்று ஒரு சிறு கையேட்டையும், 1848இல் உலகக் கடல்கள் எல்லாவற்றுக்குமாக விரிவான ஒரு புத்தகத்தையும் எழுதினார். அதற்கு 'மாலுமியின் கொம்பு ஏடு' என்ற பொருளில் பேர் வைத்தார். அக்காலத்தில் இங்கிலாந்தில் குழந்தைகளுக்கு அரிச்சுவடி எழுதிய தாளைப் பலகையில் ஒட்டி, கிழியாமல் இருக்க அதன் மேல் மாட்டுக் கொம்பைச் சீவிய மெல்லிய தகட்டைப் பதித்துக் கொடுப்பார்களாம். அதற்குப் பேர் 'ஹார்ன் புக்'. ஆக, அவர் எழுதியது மாலுமிகளுக்குப் புயலின் அரிச்சுவடி. எல்லாத் தரத்து மாலுமிகளுக்கும் என்று அட்டையிலேயே போட்டார்.

அந்தப் புத்தகத்தோடு ஊடுருவிப் பார்க்கக்கூடிய இரண்டு புயல் அட்டைகள் வரும். பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும், தெற்கே கடிகாரத் திசையில் சுற்றும். ஆகவே வடக்குக்கு ஓர் அட்டை, தெற்குக்கு ஓர் அட்டை. மாலுமி தன் கப்பல் இருக்கும் இடத்தில் காற்றின் திசையைப் பார்த்து, கடல் வரைபடத்தின் மேல் அட்டையைப் பொருத்தினால், மையம் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தப் பக்கம் விலகினால் தப்பலாம் என்பது கண்ணுக்குத் தெரியும். கணக்குப் போடத் தெரியாதவனும், கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் கணக்குப் போட நேரமில்லாதவனும் பயன்படுத்தலாம். ஒரு நல்ல கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் நம் பாடப் புத்தகத்தில் கிடையாது.

அந்த 1848ஆம் ஆண்டுப் புத்தகத்தில்தான் 'சைக்ளோன்' பிறந்தது. அதுவரை ஆளுக்கு ஒரு பேர். மேற்கிந்தியத் தீவில் ஹரிகேன், சீனாவில் டைஃபூன், வேறிடங்களில் வேறு. சுழலும் காற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு சொல் வேண்டும் என்று யோசித்து, கிரேக்க மொழியிலிருந்து, பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் பொருளில் இந்தச் சொல்லை எடுத்தார். வட்டம் என்று சொல்லாமல் சுருள் என்று சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காற்று சரியான வட்டமாகத்தான் சுற்றுகிறது என்று அடித்துச் சொல்லிவிடாமல் இடம் விட்டு வைத்தார். அது சரியாகவும் போயிற்று. காற்று வட்டமாகச் சுற்றுவதில்லை, உள்நோக்கிச் சுருண்டு போகிறது என்பதைப் பின்னால் மொரீஷியசில் இருந்த சார்லஸ் மெல்ட்ரம் போன்றவர்கள் தெளிவாகக் காட்டினார்கள். காற்றுக்கு நேர் செங்குத்தில் மையம் என்ற பழைய விதியைக் கொஞ்சம் திருத்த வேண்டியதாயிற்று. விதி திருந்தியது, சொல் அப்படியே நின்றது.

இனி அவர் வாழ்க்கையின் கடைசிக் கட்டத்துக்கு வருகிறேன். நம் போன்ற பொறியாளர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இது.

1850களின் தொடக்கத்தில், ஹூக்ளி ஆறு மண் மேவிக்கொண்டு வருகிறது, கல்கத்தாத் துறைமுகம் கெட்டுப்போகும் என்ற பயம் கிளம்பியது. அதற்குப் பதிலாக, சுந்தரவனக் காட்டுப் பக்கம் ஓடும் மாட்லா ஆற்றின் கரையில் புதுத் துறைமுகம் கட்டலாம் என்று பேச்சு எழுந்தது. மாட்லா ஆழமான ஆறு. கப்பல் வந்து போக வசதி. எல்லாக் கணக்கும் பொருந்தி வந்தது. ஒரு கணக்கை மட்டும் யாரும் போடவில்லை. பிடிங்டன் போட்டார். 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபுவுக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி அச்சிட்டு வெளியிட்டார். வங்கக் கடலின் புயல் அலைகளைப் பற்றியும் சுந்தரவனத்தில் அவை செய்யும் வேலையைப் பற்றியும் விளக்கி, இந்த இடத்தில் ஊர் வைத்தால் என்றாவது ஒரு நாள் புயலின் நடுவே கடல் எழுந்து வரும், ஐந்திலிருந்து பதினைந்து அடி ஆழத்துக்கு ஊர் முழுக்க உப்புத் தண்ணீர் நிற்கும் என்று எச்சரித்தார்.

கடிதம் போய்ச் சேர்ந்தது. திட்டம் நிற்கவில்லை. 1858இல் பிடிங்டன் கல்கத்தாவில் காலமானார். டல்ஹவுசிக்குப் பின் வந்த கானிங் பிரபுவின் பேரில் போர்ட் கானிங் எழும்பியது. ரயில் பாதை போட்டார்கள். கம்பெனி ஏற்படுத்திப் பங்குகள் விற்றார்கள். பங்கு விலை ஏறியதைப் பார்த்துக் கல்கத்தாவே பரபரத்தது. 1864 அக்டோபர் 5ஆம் தேதி கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கி, சுமார் 60,000 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகும் கானிங் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. 1867 நவம்பர் 1ஆம் தேதி, பிடிங்டன் சொன்ன அந்த நாள் வந்தது. சுமார் ஆறடி உயர்ந்து வந்த தண்ணீர் ஊரின் மேல் பாய்ந்தது. துறைமுகம் அதோடு எழுந்திருக்கவில்லை. சில வருஷங்களில் கைவிட்டுவிட்டார்கள். இன்றும் சியால்டாவிலிருந்து கானிங்கிற்கு லோக்கல் ரயில் ஓடுகிறது. துறைமுகத்துக்காகப் போட்ட பாதை அது. துறைமுகம் இல்லை, பாதை இருக்கிறது. கடிதத்துக்கும் அலைக்கும் நடுவே பதினாலு வருஷம்.

நண்பர்களே, பிடிங்டன் ஜெயித்தாரா தோற்றாரா என்று என்னைக் கேட்டால், எனக்கு ஒரே பதில் சொல்லத் தெரியவில்லை. கானிங் விஷயத்தில் அவர் சொல் எடுபடவில்லை. ஆனால் 1864இன் அழிவுக்குப் பிறகு, 1865இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு, மூன்றாம் எண் கூண்டு என்று ஏற்றுகிறார்களே, அந்த வழக்கத்தின் வேரும் அங்கேதான் இருக்கிறது. 1999இல் ஒடிசாவின் பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் அதே ஒடிசாக் கரையில் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கை நூற்றுக்குள் அடங்கியது. இடையில் நடந்தது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. கடலில் மிதவைக் கருவிகள், மேலே செயற்கைக்கோள்கள், கரையில் ராடார்கள், கடைசியில் ஊர் ஊராக ஓடிப் போய்ச் சொன்ன மனிதர்கள். பிடிங்டனின் லாக் புக்கும் கொம்பு ஏடும் வேறு உருவத்தில் வந்தவைதான் இவை.

ஆனாலும் கடைசிப் படி இன்னும் முழுதாகக் கட்டி முடியவில்லை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் சீறியபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போனவர்கள் முன்பே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் இருந்த எச்சரிக்கை அவர்கள் காதுக்குப் போய்ச் சேர வழியில்லை. எத்தனை குடும்பங்கள் அதில் குலைந்தன என்பது நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு, செல்போன் சிக்னல் இல்லாத ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி கிடைக்க, ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் போன்றவற்றின் முயற்சியால் 2019இல் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. புயல் இல்லாத நாளிலும் தென் கோடிப் பெருங்கடலில் எங்கோ கிளம்பிய நெடிய அலைகள், சில நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத நேரத்தில் நம் தென் கரையில் ஏறும். அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். அதற்கும் இன்று முன்னறிவிப்பு உண்டு. அறிவு இருக்கிறது. அது தேவைப்படுகிறவன் கைக்கு, அவனுக்குப் புரிகிற மாதிரி, நேரத்தில் போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி. இந்தக் கேள்வியைக் கல்கத்தாவில் இருந்த அந்தப் பழைய மாலுமி நூற்று எழுபது வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்.

என் வேலையில் ஓர் அனுபவம் அடிக்கடி வரும். வேம்பார், தருவைகுளம் மாதிரிக் கடற்கரை ஊர்களுக்குப் போனால், வயதான மீனவர்கள் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பேர் சொல்லிப் பேசுவார்கள். எந்தப் புயலுக்குத் தண்ணீர் எது வரைக்கும் வந்தது என்று கோயில் படியைக் காட்டிச் சொல்வார்கள். அவை எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லாத லாக் புக். அவற்றை எழுதிக்கொள்ளாமல், மாடலில் வந்த எண்ணை மட்டும் நம்பி வரைபடத்தில் கையெழுத்துப் போடுவது பாதி வேலைதான். அதே மாதிரி, ஓர் இடத்தில் கட்டக்கூடாது என்று நம் கணக்கு சொன்னால், கூட்டத்தில் எல்லோரும் முகம் சுளித்தாலும் அதை எழுத்தில் வைத்துவிட வேண்டும். கேட்பதும் கேட்காததும் அவர்கள் பாடு என்று விட்டுவிட என்னால் முடியாது. ஆனால் எழுதாமல் விடுவது மட்டும் நம் பாடு.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கரிசல் காட்டில் பிறந்தவனுக்குக் கடல் எதற்கு என்று நினைக்காதீர்கள். கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம் நம் பக்கத்து மண்தான். 1906இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது, கடல் நமக்கும் உரியது என்று காட்டினார். காற்றாலை, துறைமுகம், வானிலை, கடல் ஆய்வு என்று இன்று எத்தனையோ வாசல்கள் திறந்திருக்கின்றன. கயத்தாறில் சுழலும் காற்றாடிகளைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டே கல்லூரிக்கு வருகிறீர்கள். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். பிடிங்டனிடம் பெரிய பட்டம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பிறர் எழுதி வைத்த குறிப்புகளைப் பொறுமையாகச் சேர்த்தார், எளிமையாக எழுதினார், தெரிந்ததைப் பயப்படாமல் சொன்னார். இந்த மூன்றும் நம் கல்லூரியில் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் முடியாத காரியம் இல்லை.

சங்கம் மேன்மேலும் வளரவும், மீண்டும் கூடும் நண்பர்கள் எல்லோரும் நலமோடு இருக்கவும், இந்த வருஷம் நம் கரிசலுக்கு வேண்டிய அளவு மழை கிடைக்கவும் மனதார வாழ்த்துகிறேன்.